கோழிக் குடலுக்குள்ள யாரு குடியிருக்கா? – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

இந்த தடவை வந்த கேள்வில முக்கால்வாசி கோழி, குடல், கிருமி, மருந்துன்னே இருந்ததால எல்லாத்தையும் ஒரே இதழ்ல சேத்துட்டோம். பதில் சொல்றவர் கால்நடை நுண்ணுயிரியல் துறை டாக்டர்.

கேள்வி: டாக்டர் சார் வணக்கம். கறிக்கோழி பண்ணை வச்சிருக்கோம், 5,000 குஞ்சு விடுவோம். குஞ்சு இறக்கின அன்னைக்கே ஆன்டிபயாடிக்க தண்ணில கலந்து மூணு நாள் விட்டுருங்க, அப்பத்தான் சாவு இருக்காதுன்னு மருந்து கடைக்காரர் சொல்றாரு. பக்கத்து பண்ணை அண்ணன் அதெல்லாம் வேணாம்டா, புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா பாக்கெட்) போதும்ங்கறாரு. யாரு சொல்றத கேக்கறது?
– பல்லடம் வாசகர்

பதில்: தம்பி, ரெண்டு பேரு சொல்றதுக்கும் முன்னாடி குஞ்சு எங்கருந்து வருதுன்னு பாக்கணும். நாட்டுக்கோழி அடை காத்து பொரிச்ச குஞ்சு, முட்டை ஓட்ட உடைச்சு வெளிய வந்த நிமிஷத்துலருந்து தாய் கூடவே திரியுது, தாய் கிளறுற இடத்துல கிளறுது, தாயோட எச்சத்தையும் கொத்துது, பாக்க நமக்கு அருவருப்பா இருக்கும் ஆனா அந்த எச்சத்துலதான் குஞ்சுக்கு வேண்டிய குடல் பாக்டீரியா மொத்தமும் இருக்கு. உங்க பண்ணைக்கு வர்ற குஞ்சு அப்படியா? முட்டைய கிருமி சாக பியூமிகேஷன் (மருந்துப் புகை) பண்ணி, மெஷின்ல 21 நாள் வச்சு, பொரிச்சு, டப்பால அடுக்கி வண்டில ஏத்தி அனுப்புறாங்க, அது தன் வாழ்நாள்ல ஒரு பெரிய கோழிய கண்ணால பாக்கறதே இல்ல. அதோட குடல் கிட்டத்தட்ட காலி வீடு. மொத நாள் எந்த கிருமி உள்ள போகுதோ அதுக்குத்தான் வீடு சொந்தம்.

பஸ்ஸு நிக்கறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு பிடிப்போமே, குடல்லயும் அதே கதைதான், நல்ல பாக்டீரியா துண்டு போட்டுட்டா பின்னாடி வர்ற சால்மோனெல்லா மாதிரி நோய்க்கிருமிக்கு உக்கார இடம் இல்ல. இத நிரூபிச்சது பின்லாந்து நாட்டுக்காரங்க. 1971-ல அங்க கறிக்கோழில சால்மோனெல்லா இன்ஃபான்டிஸ்னு ஒரு வகை பரவிப் போச்சு. எஸ்கோ நூர்மி, ரன்டாலான்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க ஆரோக்கியமான பெரிய கோழியோட குடல்ல இருக்கறத எடுத்து, அன்னைக்கு பொரிச்ச குஞ்சுக்கு குடுத்துட்டு, அப்பறம் சால்மோனெல்லாவ குடுத்து பாத்தாங்க. குடல் சரக்கு குடுத்த குஞ்சுல பெரும்பாலானது தப்பிச்சுது, குடுக்காதது மாட்டிக்கிச்சு. 1973-ல நேச்சர் பத்திரிகைல இது வந்துது, இன்னைக்கு கடைல புரோபயாடிக்னு விக்கற பாதி சாமானுக்கு தாத்தா இந்த ஆராய்ச்சிதான்.

இதுக்கு நேரெதிர் சோதனை ஒன்னு 1950-கள்லயே சிகாகோல பண்ணிட்டாங்க, கோழில இல்ல, சுண்டெலில. சாதாரண சுண்டெலிக்கு சால்மோனெல்லா தொத்தணும்னா வாய் வழியா ஒரு லட்சம் கிருமி போல குடுக்க வேண்டி இருந்துது. அதே சுண்டெலிக்கு ஸ்ட்ரெப்டோமைசின்னு ஒரு ஆன்டிபயாடிக் குடுத்து குடல காலி பண்ணின பிறகு பத்து கிருமி கூட தேவைப்படல. இப்ப கடைக்காரர் சொன்னத யோசிச்சு பாருங்க, காலி வீட்டுக்கு வரப்போற நல்ல குடித்தனக்காரன வாசல்லயே அடிச்சு விரட்டுறதுதான் முதல் மூணு நாள் ஆன்டிபயாடிக். அதுக்காக எப்பவுமே கூடாதுன்னு சொல்ல வரல, குஞ்சு வரும்போதே தொப்புள் வீங்கி நாத்தம் அடிச்சுக்கிட்டு சாவுதுன்னா அது தொப்புள் தொற்று, டாக்டர் பாத்து மருந்து எழுதினா குடுத்துத்தான் ஆகணும். நல்லா இருக்கற குஞ்சுக்கு 'எதுக்கும் இருக்கட்டும்'னு விடறதுதான் தப்பு.

புரோபயாடிக் பக்கமும் கொஞ்சம் சொல்லிடறேன், இல்லன்னா அந்த அண்ணன் ஜெயிச்சிட்டதா நினைச்சுக்குவாரு. பாக்கெட்ல ஒரு லேக்டோபேசில்லஸ், ஒரு பேசில்லஸ் இருக்கும், கூட ஒரு ஈஸ்ட் இருக்கும். பெரிய கோழியோட பெருங்குடல் பையில நூத்துக்கணக்கான வகை இருக்கு, ரெண்டு மூணு வகை போட்டு அந்த கூட்டத்த உண்டாக்க முடியாது. ஓரளவுக்கு உதவும், அவ்வளவுதான். அதுவும் குளோரின் போட்ட தண்ணில கலந்து விட்டீங்கன்னா அந்த ரெண்டு மூணும் டேங்க்லயே செத்துரும். அப்பறம் முக்கியமா, நூர்மி பண்ணின மாதிரி நாமளே பெரிய கோழி எச்சத்த கரைச்சு விடலாமான்னு தயவுசெஞ்சு இறங்கிடாதீங்க, நல்லதோட சேந்து ரத்தக்கழிச்சல் கிருமி, மைக்கோபிளாஸ்மா, இன்னும் என்னென்னமோ வந்துரும்.

கேள்வி: சார், கோழி எச்சம் ஒரு நேரம் மேல வெள்ளையா கெட்டியா இருக்கு, ஒரு நேரம் சாக்லேட் கலர்ல பசை மாதிரி நாத்தமா போகுது. இது நோயா?
– ராசிபுரம் வாசகி

பதில்: இல்லங்க, பயப்படாதீங்க. கோழிக்கு சிறுகுடல் முடியற இடத்துல ரெண்டு பக்கமும் முட்டுச்சந்து மாதிரி ரெண்டு பை இருக்கு, சீக்கம்னு சொல்லுவோம். சீரணமாகாத நாரெல்லாம் அங்க போய் தேங்கி பாக்டீரியா அத புளிக்க வைக்குது, ஒரு கிராம் சரக்குல ஆயிரம் கோடிக்கு மேல பாக்டீரியா இருக்கற இடம் அது. அந்த பை நாளைக்கு சில தடவை காலியாகும், அப்ப வர்றதுதான் அந்த சாக்லேட் கலர். வெள்ளையா இருக்கறது யூரிக் அமிலம், கோழிக்கு தனியா மூத்திரம் கிடையாதுல்ல. ரத்தம் தெரிஞ்சாலோ, தண்ணியா பச்சையா போனாலோ, தீனி எடுக்கறது குறைஞ்சாலோதான் யோசிக்கணும்.

கேள்வி: ஐயா, மருந்து போட்டா எடை கூடுதுங்கறது உண்மைதானே? நோயே இல்லாத கோழிக்கும் தீவனத்துல ஆன்டிபயாடிக் கலந்தா நல்லா வருது, இதுல என்ன கெடுதல்? சும்மா பேப்பர்ல எழுதி பயமுறுத்தறாங்களா?
– ஈரோடு, தீவன வியாபாரி

பதில்: எடை கூடுதுங்கறது பொய்யில்ல. 1948-49 வாக்குல அமெரிக்காவுல லெடர்லி கம்பெனி லேப்ல தாமஸ் ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட்னு ரெண்டு பேரு கோழிக்குஞ்சுக்கு வைட்டமின் பி12 எதுல இருந்து கிடைக்கும்னு தேடிக்கிட்டு இருந்தாங்க, ஆரியோமைசின் மருந்து தயாரிச்சு மிச்சமான மாவ தீவனத்துல போட்டு பாத்தா குஞ்சு பி12 கணக்குக்கும் மேல வளருது, என்னடான்னு பாத்தா காரணம் அதுல மிஞ்சி இருந்த ஆன்டிபயாடிக். இங்க ஒரு விஷயம் சொல்லாம போக மனசு வரல, அந்த ஆரியோமைசின் கண்டுபிடிச்சப்ப லெடர்லில ஆராய்ச்சிக்கு தலைமை வகிச்சவர் நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச எல்லப்பிரகட சுப்பாராவ். 1948-லயே இறந்துட்டாரு, இந்த மருந்து கோழித் தீவனத்துக்குள்ள போய் உலகம் பூரா பண்ண போற வேலைய அவர் பாக்கல.

ஏன் வளருதுன்னு கேட்டா இன்னைக்கும் ஒரே பதில் கிடையாது. குடல் பாக்டீரியா திங்கற பங்கு குறையுது, குடல் சுவர் மெலிசாகி சத்து சீக்கிரம் உறிஞ்சுது, சின்ன சின்ன அழற்சி அடங்குது, இப்படி பல காரணம் சொல்றாங்க. ஆனா ஒன்னு கவனிச்சாங்க, சுத்தமா இருக்கற பண்ணைல இந்த பலன் கம்மி, அழுக்கு பண்ணைலதான் நல்லா தெரியுது. அப்ப மருந்து என்ன வேலை பாக்குது, விளக்குமாறு பாக்க வேண்டிய வேலைய பாக்குது.

கெடுதல் என்னன்னு கேட்டீங்க. 1970-கள்ல ஸ்டூவர்ட் லெவின்னு ஒரு டாக்டர் அமெரிக்காவுல ஒரு பண்ணை வீட்ல 300 கோழி வளக்க ஏற்பாடு பண்ணி, பாதிக்கு டெட்ராசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் கலந்த தீவனம், பாதிக்கு சாதா தீவனம் போட்டாரு. மருந்து தின்ன கோழி குடல்ல ஒரு வாரத்துலயே டெட்ராசைக்ளினுக்கு அடங்காத பாக்டீரியாதான் நிறைஞ்சிருந்துது. அஞ்சாறு மாசத்துல அந்த பண்ணை வீட்டு ஆளுங்க மலத்துலயும் அதே மாதிரி அடங்காத பாக்டீரியா, அவங்க யாரும் மருந்தே சாப்பிடல. இது 1976-ல வெளிவந்துது. பிரிட்டன்ல 1969-லயே அரசு போட்ட ஸ்வான் கமிட்டி இத பத்தி எச்சரிச்சுது, ஸ்வீடன் 1986-ல வளர்ச்சிக்காக போடறத நிறுத்திட்டாங்க, ஐரோப்பிய யூனியன் மொத்தமும் 2006 ஜனவரி 1-லருந்து நிறுத்திட்டாங்க, அங்க கோழி வளராம ஒன்னும் போயிடல, ஆரம்பத்துல குடல் நோய் கொஞ்சம் தலைதூக்கினப்ப பராமரிப்ப சரி பண்ணி சமாளிச்சாங்க.

நம்ம ஊருக்கு நேரா சம்பந்தப்பட்டது கோலிஸ்டின். ஐசியூல வேற எந்த மருந்தும் கேக்காத நோயாளிக்கு கடைசியா போடற ஊசி அது, அதே மருந்த நாம மூட்டை மூட்டையா கோழித் தீவனத்துல போட்டுக்கிட்டு இருந்தோம். 2015 கடைசில சீனாவுல ஆராய்ச்சியாளருங்க பாக்டீரியாவ கோலிஸ்டினுக்கு அடங்காம பண்ற எம்சிஆர்-1னு ஒரு ஜீன் கண்டுபிடிச்சாங்க, பன்னிலயும் கறிலயும் மனுசங்ககிட்டயும் இருந்த ஈ.கோலை பாக்டீரியால. அது பிளாஸ்மிட்ல உக்காந்திருக்கு, அதாவது ஒரு பாக்டீரியா இன்னொரு பாக்டீரியாவுக்கு கைமாத்தி விட முடியும். ஈ.கோலைக்கு கிடைச்சது நாளைக்கு கிளெப்சியெல்லா மாதிரி வேற நோய்க்கிருமிக்கும் போகும். அதுக்கப்பறம்தான் 2019 ஜூலைல மத்திய அரசு உணவுக்காக வளக்கற விலங்குக்கும் கோழிக்கும் மீனுக்கும் கோலிஸ்டின் தயாரிக்கவோ விக்கவோ கூடாதுன்னு தடை போட்டுது. உங்க கடைல பழைய ஸ்டாக் ஏதாவது வேற பேர்ல இருந்தா லேபிள் திருப்பி பாத்துடுங்க அண்ணா, இத பேப்பர்காரன் பயமுறுத்தலா எடுத்துக்காதீங்க.

கேள்வி: 22 நாள் கோழி, நேத்து வரைக்கும் நல்லா தின்னுச்சு, காலைல பாத்தா பத்து பதினஞ்சு செத்து கிடக்கு. அறுத்து பாத்தா குடல் உப்பி, உள்பக்கம் பழுப்பா பேந்து வருது. என்ன மருந்து?
– பொங்கலூர் வாசகர்

பதில்: நீங்க சொல்றத வச்சு பாத்தா நெக்ரோடிக் என்டரைட்டிஸ் (குடல் சுவர் அழுகற நோய்) மாதிரி தெரியுது, குடல் உள்பக்கம் சொரசொரன்னு டர்க்கி டவல் மாதிரி இருக்கும்னுதான் எங்க பாடப்புத்தகத்துலயே எழுதிருக்கும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ்ங்கற கிருமி. இதுல கூத்து என்னன்னா அந்த கிருமி நல்லா இருக்கற கோழி குடல்லயும் கொஞ்சம் இருக்கும், மண்ல, எச்சத்துல எல்லா இடத்துலயும் இருக்கும், அதனால லேப்ல 'கிளாஸ்ட்ரிடியம் வளந்துது'ன்னு ரிப்போர்ட் வந்தா மட்டும் அதுதான் காரணம்னு சொல்ல முடியாது. நெட்-பின்னு ஒரு நச்ச சுரக்கற வகைதான் முக்கியமான வில்லன்னு ஆஸ்திரேலியாக்காரங்க 2008-லதான் காட்டினாங்க, அதுவரைக்கும் பல வருஷமா வேற ஒரு நச்ச குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தோம்.

வில்லனுக்கு கதவ திறந்து விடறது பெரும்பாலும் காக்சிடியா, ரத்தக்கழிச்சல் உண்டாக்கற ஒட்டுண்ணி. அது குடல் சுவர ஓட்டை போடுது, அதுல கசியற புரதத்த தின்னு கிளாஸ்ட்ரிடியம் பெருகுது. கருவாட்டு தூள் தீவனத்துல அதிகமா விழுந்தாலும் இதே கதைதான். அதனால மருந்து பேர் கேக்கறதுக்கு முன்னாடி தரைல பரப்பியிருக்கற தேங்கா மஞ்ச கைல அள்ளி பிடிச்சு பாருங்க, உருண்டையா பிடிபட்டு உதிராம நின்னா ஈரம் அதிகம், கோழி தண்ணி குடிக்கற நிப்பிள் எங்க ஒழுகுதுன்னு பாருங்க, தேங்கா மஞ்ச கிளறி விடுங்க, நனைஞ்சத அள்ளி வெளிய போடுங்க. செத்து ரொம்ப நேரமாகாத கோழி ரெண்டு மூணு, கூடவே நோய் தெரியற உயிர்க்கோழி ஒன்னு ரெண்டு எடுத்துக்கிட்டு இன்னைக்கே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்துல இருக்கற நோய் ஆய்வகத்துக்கோ போயிடுங்க. நேத்து ராத்திரி செத்து வெயில்ல கிடந்தத எடுத்துட்டு போனா குடல் தானாவே அழுகி எல்லாம் நோய் மாதிரியே தெரியும், யாராலயும் ஒன்னும் சொல்ல முடியாது.

கேள்வி: நான் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி. புராஜெக்டுக்கு கோழி குடல் பாக்டீரியா எடுத்திருக்கேன். 16எஸ் சீக்வென்சிங் (பாக்டீரியாவோட ஒரு ஜீன படிச்சு பேர் கண்டுபிடிக்கறது) பண்ணினா போதும், பிளேட்ல வளக்கறதெல்லாம் பழைய காலம்னு சீனியர்ஸ் சொல்றாங்க. உண்மையா சார்?
– திருச்சி மாணவி

பதில்: உங்க சீனியர்ஸுக்கு பிளேட் கழுவ சோம்பேறித்தனம்னு நினைக்கறேன்மா.

சீரியஸா சொல்லணும்னா ரெண்டும் வேற வேற கேள்விக்கு பதில். 1977-ல கார்ல் வூஸ் ரைபோசோம் ஆர்என்ஏ வச்சு உயிரினத்த வகைப்படுத்தலாம்னு காட்டினதுலருந்து, வளக்க முடியாத பாக்டீரியாவயும் பேர் சொல்லி கூப்பிட வழி கிடைச்சுது, இது பெரிய விஷயம்தான், ஏன்னா குடல்ல இருக்கறதுல பெரும்பகுதி ஆக்சிஜன் பட்டாலே செத்துப்போற ஜாதி, சாதா இன்குபேட்டர்ல வராது. ஆனா 16எஸ் உங்களுக்கு பேரினம் வரைக்கும் நல்லா சொல்லும், அதுக்கு கீழ தடுமாறும். கோழிக்கு கல்லீரல் மேல ஜவ்வு கட்டி கொல்ற ஈ.கோலையும், பேசாம குடல்ல குடித்தனம் நடத்தற ஈ.கோலையும் 16எஸ்ல ஒன்னுதான். சால்மோனெல்லாவுல 2,500-க்கு மேல செரோவார் (உள்வகை) இருக்கு, அதுல காலினாரம் கோழிக்கு டைபாய்டு வர வச்சு சாகடிக்கும், மனுசன ஒன்னும் பண்ணாது, என்டெரிடிடிஸ் பெரிய கோழில நோய் எதுவும் காட்டாம முட்டைக்குள்ள ஏறி வந்து மனுசன படுக்க வைக்கும். கலர் கலரா பார் சார்ட் போட்டு 'ப்ரோட்டியோபாக்டீரியா கூடிருச்சு'ன்னு எழுதினா இந்த வித்தியாசம் எங்க தெரியப்போகுது?

வளக்கறதுக்கு வழி இருக்கு. சால்மோனெல்லான்னா சாம்பிள முதல்ல பெப்டோன் வாட்டர்ல ஒரு ராத்திரி 37 டிகிரில வச்சு அடிபட்ட செல்லுக்கு தெம்பு குடுங்க, அப்பறம் ராப்பாபோர்ட் திரவத்துல 42 டிகிரி, அப்பறம் எக்ஸ்எல்டி பிளேட். சிவப்பு காலனி நடுவுல கருப்பு புள்ளி வந்தா சந்தேகப்படலாம், அதோட நிறுத்தாம பயோகெமிக்கலும் சீரமும் போட்டு உறுதி பண்ணுங்க. ஆக்சிஜன் ஆகாததுக்கு ராபர்ட் ஹங்கேட் மாட்டு இரைப்பைல வேலை செஞ்சப்ப கண்டுபிடிச்ச ரோல் டியூப் முறைய படிச்சு பாருங்க, கார்பன் டை ஆக்சைட ஊதிக்கிட்டே டியூப்ல அகார உருட்டி உறைய வைப்பாரு, இன்னைக்கு கண்ணாடி பெட்டி மாதிரி சேம்பர் வந்தாலும் யோசனை அதேதான். கைல உயிரோட ஒரு பாக்டீரியா இருந்தாத்தான் அதுக்கு எந்த மருந்து கேக்குதுன்னு மருந்து தடவின டிஸ்க் போட்டு பாக்க முடியும், இன்னொரு குஞ்சுக்கு குடுத்து சோதிக்க முடியும். முடிஞ்சா ரெண்டும் பண்ணுங்க. காசு ஒன்னுக்குத்தான் இருக்குன்னா முதல்ல உங்க கேள்வி என்னன்னு எழுதி வச்சுட்டு வாங்க.

கேள்வி: கறிக்கோழிய நாலஞ்சு தண்ணி கழுவி மஞ்சள் போட்டு வச்சா கிருமி போயிடும்தானே?
– மதுரை வாசகி

பதில்: போகாதுக்கா, தெறிக்கும். குழாய் தண்ணி பட்டு தெறிக்கற திவலை பக்கத்துல இருக்கற தக்காளி, வெங்காயம், சிங்க்னு எல்லாத்துலயும் விழும், கறி கொதிச்சுடும், பச்சையா வெட்டற வெங்காயம் கொதிக்காதுல்ல. இதுல முக்கிய ஆள் கேம்பைலோபேக்டர்ங்கற பாக்டீரியா. கோழி உடம்பு சூடு 41, 42 டிகிரி, அதுதான் அதுக்கு பிடிச்ச சூடு, கோழிக்கு பெருசா ஒன்னும் பண்ணாம குடல்ல ஜாலியா இருக்கும், மனுசனுக்கு வந்தா வயித்துப்போக்கு, அபூர்வமா கை கால் செயலிழக்க வைக்கற கில்லன் பாரேங்கற நரம்பு நோய் வரைக்கும் கொண்டு போகும். 1981-ல பிரிட்டன்ல ஒரு டாக்டர் வெறும் 500 கிருமிய பால்ல கலந்து தானே குடிச்சு பாத்தாரு, அதுவே நோய் வரப் போதுமானதா இருந்துது. நம்ம ஊர்ல கழுவாம சமைக்க சொன்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும், அதனால குழாய்க்கு அடில பிடிக்காம ஒரு பாத்திரத்துல தண்ணி விட்டு மெதுவா அலசி, அந்த தண்ணிய தெறிக்காம ஊத்திட்டு, சிங்க்கயும் கையயும் சோப்பு போட்டு கழுவுங்க, அருவாமனைய கழுவாம அதுல காய் அரியாதீங்க. நல்லா வெந்த குழம்புல ஒன்னும் மிஞ்சாது. முட்டைய மட்டும் கழுவி அடுக்கி வைக்காதீங்க, ஓட்டு மேல இயற்கையா ஒரு பூச்சு இருக்கு, அது போயிட்டா ஓட்டுல இருக்கற ஆயிரக்கணக்கான ஓட்டை வழியா உள்ள போக வழி ஆயிடும்.

கேள்வி: ஆட்டுக்கு சவுண்டல் தழை போடறோம், சூபாபுல்னும் சொல்றாங்க. முடி கொட்டுது, விஷம்னு ஒருத்தர் சொல்றாரு, ஒன்னும் ஆகாதுன்னு இன்னொருத்தர் சொல்றாரு.
– ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: ரெண்டு பேரும் சரிதான், அது ஆட்டு வயித்துக்குள்ள யாரு இருக்காங்கறத பொறுத்தது. சவுண்டல்ல மைமோசின்னு ஒன்னு இருக்கு, இரைப்பைல அது டிஹெச்பின்னு வேறொன்னா மாறி தைராய்ட கெடுக்கும், கழுத்துல கழலை, முடி கொட்டறது எல்லாம் வரும். ஆஸ்திரேலியாவுல இந்த தழைய தின்ன மாடெல்லாம் இப்படி அவதிப்பட்டுது, ஆனா ஹவாய் தீவுல ஆடுங்க அதையே வயிறு முட்ட தின்னுட்டு நல்லா சுத்திக்கிட்டு இருந்துது. ரேமண்ட் ஜோன்ஸ்னு ஒரு ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இது செடில இருக்கற வித்தியாசம் இல்ல, வயித்து பாக்டீரியால இருக்கற வித்தியாசம்னு யோசிச்சு, 1980-கள் ஆரம்பத்துல ஹவாய் ஆட்டோட இரைப்பை பாக்டீரியாவ ஆஸ்திரேலியாவுக்கு கொண்டு போய் குடுத்து பாத்தா, விஷம் முறிஞ்சுது. கூட்டத்துல ஒன்னு ரெண்டுக்கு குடுத்தா மத்ததுக்கும் பரவிடுச்சு. 1992-ல அந்த பாக்டீரியாவுக்கு சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சினு அவர் பேரையே வச்சாங்க. ஒரு நாட்டு மாட்டுக்கே ஒரு பாக்டீரியாவ இறக்குமதி பண்ணி வைத்தியம் பாத்த மாதிரி எனக்கு தெரிஞ்சு வேற கதை அவ்வளவு அழகா இல்ல.

உங்க ஆட்டு வயித்துல அது இருக்கா இல்லையான்னு வெளியருந்து பாத்து சொல்ல முடியாதுங்க. முடி கொட்டுதுன்னு சொல்றீங்க, அதனால இப்போதைக்கு சவுண்டல நிறுத்திட்டு பக்கத்து கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க, சொறி உண்ணி இருந்தாலும் முடி கொட்டும். சரியானப்பறம் பழையபடி ஆரம்பிச்சா மொத்த தழைல மூணுல ஒரு பங்குக்கு மேல போகாம, சோளத்தட்டு, அகத்தி, வேலிமசால்னு கலந்து, கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க, சினை ஆட்டுக்கு இன்னும் கம்மியா.

கேள்வி: நாட்டுக்கோழிக்கு வெள்ளைக்கழிச்சல். டெட்ராசைக்ளின் மாத்திரை உடைச்சு போட்டேன், கேக்கல. டோஸ் கூட்டலாமா?
– மணப்பாறை வாசகி

பதில்: வேண்டாம்மா. அது ராணிக்கெட் வைரஸ், எத்தனை மாத்திரை உடைச்சாலும் வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேக்காது, மிச்சம் மீதி நல்ல பாக்டீரியாதான் சாகும். நோய் வந்தத தனியா பிரிச்சு வைங்க, செத்தத சுண்ணாம்பு போட்டு ஆழமா புதைங்க, தெருவுல வீசாதீங்க. அடுத்த தடவை குஞ்சு பொரிச்சதும் 7-ம் நாள் கண்லயோ மூக்குலயோ சொட்டு மருந்து, 8-வது வாரத்துல றெக்கைல ஊசி. பக்கத்து வீட்டு கோழிக்கும் சேத்து ஒரே நாள்ல போட ஏற்பாடு பண்ணுங்க, தடுப்பு மருந்த ஐஸ் வச்ச பிளாஸ்க்ல எடுத்துட்டு வந்து, கரைச்ச ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சிருங்க.